ஓடுவோரையும் ஆடுவோரையும் கைப்பேசியில் படமெடுக்கும் முறை

தமிழ்ப்பள்ளியில் விளையாட்டுப் போட்டி நடந்த நாளின் மாலையில் பெற்றோரின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவுக்கு வந்து சேரும் படங்களைக் கவனித்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். பரிசு மேடையில் நிற்கும் பிள்ளைகள் பளிச்சென்று இருக்கிறார்கள். அதே பிள்ளைகள் ஓடும்போது எடுத்த படங்களில் கால்கள் கரைந்திருக்கின்றன, முகம் இழுபட்டிருக்கிறது, சிலவற்றில் வெறுந்திடலும் ஒரு முழங்கையும் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் பள்ளி ஓட்டப் பந்தயம், தைப்பூசக் காவடி, தோட்டத் திடலில் மாலைக் காற்பந்து, மண்டபத்தில் சிலம்பம் என்று நாம் படமெடுத்து வைக்க விரும்புபவை பெரும்பாலும் அசைந்துகொண்டே இருப்பவை. அவற்றைப் பதிவு செய்ய நாளிதழின் படப்பிடிப்பாளர் வரப்போவதில்லை. கூட்டத்தில் நிற்கும் நாம்தான் எடுக்க வேண்டும். அதனால் இதை ஒழுங்காகக் கற்றுக்கொள்வது அவசியம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மங்கிய படத்துக்குக் கைப்பேசியின் விலையைக் காரணம் சொல்வது வழக்கம். ஆனால், இரண்டாயிரம் ரிங்கிட் கொடுத்து வாங்கிய கைப்பேசியிலும் அதே மங்கல் வருகிறது. தானியங்கி முறையில் இயங்கும் கேமரா, எதிரில் இருப்பவர் ஓரளவு அசையாமல் நிற்பார் என்று எண்ணிக்கொண்டுதான் ஒளியைக் கணக்கிடுகிறது. நாமோ ஓடுபவரைத் திரையில் துரத்திக்கொண்டே பொத்தானைத் தொடுகிறோம். இந்த இரண்டையும் மாற்ற வேண்டும். அசைவைப் படமெடுப்பதில் முக்கால் பங்கு வேலை, அந்த அசைவு தொடங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்: எங்கே நிற்பது, எந்தப் புள்ளியில் எடுப்பது, எவ்வளவு ஒளி கிடைக்கும் என்பதையெல்லாம் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டவருக்குச் சாதாரணக் கைப்பேசியே போதும்.

ஷட்டர் நேரம் என்ன செய்கிறது

கேமரா ஒரு படத்துக்காக ஒளியை வாங்கிக்கொள்ளும் கால அளவே ஷட்டர் நேரம். அது 1/60 விநாடி என்றால், அந்த 1/60 விநாடிக்குள் எதிரில் இருப்பவர் எவ்வளவு தூரம் நகர்ந்தாரோ அவ்வளவும் படத்தில் பூசப்பட்டுவிடும். விநாடிக்கு 5 மீட்டர் ஓடும் ஒரு சிறுவன் 1/60 விநாடியில் ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் கடக்கிறான். முகத்தின் அகலத்தில் பாதிக்கு மேல் இழுபட அது போதும். அதே ஓட்டத்தை 1/1000 விநாடியில் எடுத்தால் நகர்வு அரை சென்டிமீட்டர்தான், கண்ணிமை வரை தெளிவாக விழும். கையும் காலும் உடலைவிட வேகமாக வீசப்படுகின்றன என்பதால், முகம் தெளிவாக இருந்தும் பாதம் மட்டும் மங்குவது உண்டு. நடப்பவருக்கு 1/250, ஓடுபவருக்கும் ஆடுபவருக்கும் 1/500, பந்தை உதைக்கும் கணத்துக்கு 1/1000 அல்லது அதற்கும் குறைவான நேரம் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான வேளைகளில் ஏமாற்றம் இராது.

கைப்பேசி விளம்பரங்களில் பெரிதாகச் சொல்லப்படும் ஆட்ட நிலைப்படுத்தும் வசதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது எடுப்பவரின் கை நடுக்கத்தைத்தான் ஈடு செய்கிறது; ஓடும் பிள்ளையை அதனால் நிறுத்த முடியாது. பின்னணியில் இருக்கும் செம்பனை மட்டை ஒவ்வொரு கீற்றாகத் தெளிந்திருக்க, முன்னால் ஓடும் பிள்ளை மட்டும் கலங்கியிருந்தால், நிலைப்படுத்தும் வசதி தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. குறை ஷட்டர் நேரத்தில்தான் இருக்கிறது.

ஒளி எங்கே இருக்கிறது

பெரும்பாலான கைப்பேசிகளில் லென்சின் திறப்பு மாறாதது. ஆகவே வெளிச்சத்துக்கு ஏற்ப மாறுபவை ஷட்டர் நேரமும், ஐஎஸ்ஓ எனப்படும் ஒளியுணர் அளவும் மட்டுமே. முகில் இல்லாத நண்பகலில், திறப்பு எஃப் 1.8 ஆகவும் ஐஎஸ்ஓ 50 ஆகவும் இருந்தால் கேமரா தானாகவே ஏறத்தாழ 1/4000 விநாடிக்குச் சென்றுவிடும். அந்த வெயிலில் எவர் எடுத்தாலும் ஓட்டம் உறைந்து நிற்கும். சிக்கல் எல்லாம் நிழலிலும் மாலையிலும்தான் வருகிறது. நம் திடல்களில் காற்பந்து சூடுபிடிப்பது 6 மணிக்குப் பிறகு. பொழுது சாய்வது ஏறத்தாழ 7 மணிக்கும் 7.30க்கும் இடையில்; நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அந்தி நமக்கு நீடிப்பதில்லை, வெளிச்சம் மடமடவென்று இறங்கிவிடும். 6.15க்கு எடுத்த படம் நன்றாக வந்தது என்பதை நம்பி 6.50க்கும் அப்படியே எடுத்தால், கேமரா சத்தமில்லாமல் 1/100 விநாடிக்கு இறங்கியிருப்பதைக் கவனிக்கத் தவறிவிடுவோம்.

எனவே ஆட்டம் தொடங்குமுன் திடலைச் சுற்றி ஒருமுறை நடந்து, எந்தப் பக்கத்தில் மரநிழல் விழுகிறது, எந்தக் கோல் கம்பத்தின் மேல் கடைசி வரை வெயில் படுகிறது என்று பார்த்து வைப்பது நல்லது. திடலின் கிழக்கு ஓரத்தில் செம்பனை வரிசை இருந்தாலும் மாலையில் அதன் நிழல் திடலுக்கு வெளியே போய்விடும். மேற்கு ஓரத்தில் இருந்தால் பாதித் திடலை அது தின்றுவிடும். வெயில் படும் பாதியில் நிற்பவருக்கு ஷட்டர் நேரம் பல மடங்கு குறைவாகக் கிடைக்கும் என்பதை எந்தக் கைப்பேசிச் செயலியாலும் ஈடுகட்ட முடியாது.

புரோ முறை உள்ள கைப்பேசியில் ஷட்டர் நேரத்தை நாமே 1/500 என்று வைத்துவிட்டு, ஐஎஸ்ஓவைத் தானியங்கியிலேயே விட்டுவிடலாம். தானியங்கியில் விட முடியாத கைப்பேசியாக இருந்தால், படம் சற்றே இருட்டாகத் தெரியும் அளவுக்கு ஐஎஸ்ஓவை உயர்த்திக்கொள்ளலாம். ஐஎஸ்ஓ உயர உயரப் படத்தில் பொரிப்பொரியாகப் புள்ளிகள் தோன்றும். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. புள்ளிகள் உள்ள கூர்மையான படத்தைப் பிறகு திருத்தலாம், அச்சிலும் அவை பெரிதாகத் தெரியமாட்டா. இழுபட்ட முகத்தை எதைக் கொண்டும் திருத்த இயலாது. ஐஃபோனின் சொந்தக் கேமராவில் ஷட்டர் நேரத்தைக் கையால் அமைக்க வழியில்லை. அதற்கென உள்ள வேறு கேமராச் செயலியைத் தரவிறக்கிக்கொள்ள வேண்டும். அதுவும் வேண்டாம் என்றால், திரையில் ஃபோகஸ் செய்த இடத்தின் அருகே தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்து வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள்; பல வேளைகளில் கேமரா ஷட்டர் நேரத்தைச் சுருக்கித்தான் அந்தக் கட்டளையை நிறைவேற்றும்.

இரவு முறையை அணைத்துவிடுங்கள். அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குகிறது. நிற்கும் கோபுரத்துக்கு அது அருமையான வசதி, ஆடும் மனிதருக்கோ இரண்டு தலையும் நான்கு கையும் தோன்றக் காரணம். ஃபிளாஷ் ஒளி இரண்டு மூன்று மீட்டரைத் தாண்டிப் பயன்படாது என்பதால் திடலில் அதை மறந்துவிடலாம்.

நிற்கும் இடம்

இந்தப் பகுதியைத்தான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன், ஏனெனில் இங்கே பணமும் கருவியும் எதையும் மாற்றுவதில்லை. நமக்குக் குறுக்கே ஓடுபவரின் அசைவு முழுதாகப் படத்தில் பதிகிறது. நம்மை நோக்கி ஓடி வருபவரின் அசைவோ, அவர் உருவம் சற்றே பெரிதாவதாக மட்டும் பதிகிறது. குறுக்குக்கும் நேருக்கும் நடுவே, 45 பாகையில் வருபவரின் பக்கவாட்டு நகர்வு ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு. ஆகவே ஒளி குறையும்போது ஷட்டரோடு மல்லுக்கட்டுவதைவிட, பத்தடி தள்ளி நின்று கோணத்தை மாற்றிக்கொள்வது எளிது.

100 மீட்டர் ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான பெற்றோர் ஓடுபாதையின் நடுவில், பந்தலின் நிழலில் நின்று குறுக்காக எடுக்கிறார்கள். பிள்ளை திரையின் ஒரு முனையில் நுழைந்து மறு முனையில் வெளியேற ஒரு விநாடிகூட ஆவதில்லை. அதற்குப் பதிலாக, முடிவுக் கோட்டைத் தாண்டி ஐந்தாறு மீட்டர் பின்னால், பாதைக்குச் சற்று வெளியே, அதிகாரிகளுக்கு இடையூறு இல்லாமல் மண்டியிட்டு உட்காருங்கள். கைப்பேசியைப் பிள்ளைகளின் மார்பு உயரத்தில் பிடியுங்கள். நின்றபடி எடுத்தால் ஓடுவோர் குள்ளமாகத் தெரிவார்கள், பின்னணி முழுதும் புல்லாகிவிடும். தாழ்ந்து எடுத்தால் தலைக்கு மேலே வானமும் தொலைவில் மலையும் வந்து சேரும். பிறகு முடிவுக் கோட்டில் சுண்ணாம்பு தெளிவாக விழுந்திருக்கும் ஓர் இடத்தைத் திரையில் விரலால் அழுத்திப் பிடித்திருங்கள். ஃபோகஸும் வெளிச்சமும் அந்தத் தூரத்துக்குப் பூட்டப்பட்டுவிடும். ஐஃபோனிலும் பெரும்பாலான ஆண்ட்ராய்டுகளிலும் இப்படிச் செய்யலாம். இனிமேல் கேமரா ஓடி வருவோரின் முகத்தைத் தேடித் தடுமாற வேண்டியதில்லை. துப்பாக்கி வெடித்ததும் திரையை விட்டுக் கண்ணை எடுத்துப் பாதையை நேரடியாகப் பார்த்திருங்கள். முதல் பிள்ளை கோட்டுக்கு இரண்டடி முன்னால் இருக்கும்போது விரல் அழுத்தத்தைத் தொடங்குங்கள். நாடாவை மார்பு தொடும் கணம், தலை பின்னால் சாய்ந்து வாய் திறந்திருக்கும் அந்தக் கணம், தானாக வந்து உங்கள் படத்துக்குள் விழும்.

காற்பந்தில் பந்தைத் துரத்தக் கூடாது. ஒரு கோலின் பக்கவாட்டில் நின்று, மூலை உதைக்காகக் காத்திருங்கள். தலையால் முட்டக் குதிப்பவர் உச்சியை அடைவதற்கு 0.1 விநாடி முன்பும் பின்பும், அந்த உச்சியிலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர்தான் தாழ்ந்திருப்பார். மேலே போவதும் கீழே வருவதும் அந்த இடத்தில் ஏறக்குறைய நின்றுவிடுகின்றன. எல்லா அசைவிலும் இத்தகைய ஒரு நிறுத்தம் உண்டு: நீளம் தாண்டுபவரின் நடுவானம், சிலம்பக் கம்பு ஓங்கித் திரும்பும் இடம், ஊஞ்சலின் இரு முனைகள். அசைவைப் பொறுமையாகப் பார்ப்பவருக்கு அந்த நிறுத்தம் எங்கே வரும் என்பது விரைவில் பழகிவிடும்.

தூரத்திலிருந்து திரையை இரு விரலால் விரித்துப் பெரிதாக்குவது கூடாது. லென்சின் எல்லையைத் தாண்டிய பெரிதாக்கம், படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஊதிக் காட்டுவதுதான். தனித் தொலைவு லென்ஸ் உள்ள கைப்பேசிகளிலும் அந்த லென்ஸ் பெரும்பாலும் குறைந்த ஒளியையே வாங்குகிறது என்பதால், மாலையில் முதன்மை லென்ஸோடு நெருங்கிச் செல்வதே மேல்.

தொடர்பிடிப்பு

1878ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற படப்பிடிப்பாளர், ஓடும் குதிரையின் நான்கு குளம்புகளும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுகின்றனவா என்ற கேள்விக்கு விடை காண, பாதையோரம் 12 கேமராக்களை வரிசையாக நிறுத்தினார். எழுகின்றன என்று படங்கள் காட்டின. வெறுங்கண்ணுக்குப் பிடிபடாத ஒரு கணத்தைப் பல படங்களுக்கு நடுவிலிருந்து பொறுக்கி எடுக்கும் அந்த வழியைத்தான் இன்றைய கைப்பேசியின் தொடர்பிடிப்பு ஒரு விரலில் தருகிறது. அண்மைய ஐஃபோன்களில் ஷட்டர் பொத்தானை இடப்பக்கமாக இழுத்துப் பிடித்தால் படங்கள் அடுத்தடுத்து விழும். சாம்சங்கில், பொத்தானை விளிம்பு நோக்கி இழுத்தால் தொடர்பிடிப்பு நடக்குமாறு கேமரா அமைப்புகளில் முதலில் தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். வேறு சில கைப்பேசிகளில் பொத்தானை அழுத்திப் பிடித்தால் காணொலி தொடங்கிவிடும். உங்களுடையது எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை வீட்டு வாசலில் ஓடும் கோழியை வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். போட்டி நாளன்று சோதிக்க நேரம் இராது.

தொடக்கம் முதல் முடிவு வரை பொத்தானை விடாமல் பிடித்திருப்பதால் பயனில்லை. கைப்பேசியின் நினைவகம் நிரம்பி, மிக வேண்டிய நேரத்தில் கேமரா திணறும். உச்சத்துக்குச் சற்று முன் தொடங்கி, சற்றுப் பின் விட்டுவிட வேண்டும். ஒரு விநாடி, மிஞ்சினால் இரண்டு. ஐஃபோனின் லைவ் படம், பொத்தானைத் தொடுவதற்கு ஒன்றரை விநாடி முன்பும் பின்பும் நடந்ததைச் சேர்த்து வைக்கிறது. விரல் சற்றுப் பிந்தியிருந்தாலும் அதற்குள்ளிருந்து வேறு ஒரு கணத்தைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் அப்படி எடுத்தது முதன்மைப் படத்தின் தரத்துக்கு இராது.

காவடியும் மண்டபமும்

காவடி ஏந்தியவர் உறுமியின் தாளத்துக்குச் சுழலும்போது மயிற்பீலிகள் வெளிப்பக்கம் விரிந்து எழுகின்றன. அவர் சுழற்சியின் திசையை மாற்றும் கணம் ஒன்று வரும்: தலையும் தோளும் நின்றுவிடும், பீலிகள் மட்டும் பழைய திசையிலேயே போய்க்கொண்டிருக்கும். அந்தக் கணத்தில் 1/125 அல்லது 1/250 விநாடியில் எடுத்தால் முகம் தெளிவாகவும், பீலிகளின் நுனி மெல்லக் கலங்கியும் இருக்கும். என் கணிப்பில் 1/2000 விநாடியில் எல்லாம் உறைந்துபோன படத்தைவிட அதுவே உண்மையான ஆட்டத்துக்கு நெருக்கமானது. திசை மாறும் வேளையைத் தாளம் முன்கூட்டியே சொல்லிவிடும் என்பதால் காதையும் கண்ணோடு சேர்த்துப் பயன்படுத்துங்கள். அருள் வந்து ஆடுபவரின் முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டுவதும், பாதையை மறித்து நிற்பதும் தகாது. உடன் வரும் குடும்பத்தாரிடம் ஒரு சொல் கேட்டுக்கொண்டு, காவடியின் வீச்சுக்கு வெளியே நின்று எடுப்பதே முறை. பிறர் பிள்ளைகளின் படத்தைப் பொதுவில் பகிர்வதற்கு முன்பும் அவ்வாறே கேட்க வேண்டும்.

மண்டபத்துக்குள் சிலம்பமோ பூப்பந்தோ எடுக்கும்போது வேறொரு சிக்கல் எழும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பல விளக்குகள் நம் கண்ணுக்குத் தெரியாமல் விநாடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. ஷட்டர் நேரத்தை 1/500க்குக் கொண்டுசென்றால் படத்தின் குறுக்கே கருமையான பட்டைகள் விழக்கூடும். பட்டை தெரிந்தால் 1/100க்கு இறங்கி, மேலே சொன்ன நிறுத்தக் கணங்களை மட்டும் நம்பி எடுக்க வேண்டும்.

அசைவையே காட்டும் படம்

செம்மண் சாலையில் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புபவரை, அவர் தெளிவாகவும் பின்னணி கோடுகோடாகவும் இருக்குமாறு எடுப்பதற்குப் பேனிங் என்று பெயர். ஷட்டரை 1/30 முதல் 1/60 வரை வைத்து, வண்டி வரும் திசையிலேயே அதே வேகத்தில் கைப்பேசியைத் திருப்பிக்கொண்டே எடுக்க வேண்டும். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, வண்டி நம்மைக் கடக்கும் இடத்தை நோக்கிப் பாதங்களை ஊன்றி, இடுப்பிலிருந்து மட்டும் திரும்புங்கள். பொத்தானைத் தொட்ட பின்பும் திருப்புவதை நிறுத்தாதீர்கள். நண்பகலில் இதைக் கைப்பேசியில் செய்ய முடியாது, ஏனெனில் திறப்பைச் சுருக்க வழியின்றி 1/30 விநாடியில் படம் முழுதும் வெளுத்துவிடும். பொழுது சாயும் வேளையில், பால்மரங்கள் அடர்ந்த சாலையோரமே இதற்கு உகந்த இடம். பத்தில் ஒன்று நன்றாக வந்தால் அது நல்ல விளைச்சல். கூகுள் பிக்சல் 6 முதல் வந்த பிக்சல்கள் பலவற்றில் இத்தகைய தோற்றத்தைக் கணினிக் கணக்கால் உருவாக்கும் முறை உண்டு. கையால் செய்து பழகியவருக்குத்தான் அதன் குறைகளும் தெரியும்.

ரயில் படம் எடுப்பவர்களுக்குச் சிறு குறிப்பு. கைப்பேசியின் உணரி படத்தை வரிவரியாக வாசிக்கிறது. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையே கழியும் நேரத்துக்குள் வேகமான பொருள் நகர்ந்துவிடுகிறது. மணிக்கு 140 கிலோமீட்டர் வரை செல்லும் இடிஎஸ் மின்ரயில் விநாடிக்கு ஏறத்தாழ 39 மீட்டர் கடப்பதால், அருகிலிருந்து குறுக்காக எடுத்தால் அதன் சன்னல்கள் சாய்ந்து தெரியும். ஷட்டர் நேரத்தைக் குறைப்பதால் இந்தச் சாய்வு நீங்காது. வேலிக்கு வெளியே, தொலைவில், ரயில் நம் பக்கமாக வளைந்து வரும் இடத்தில் நின்றால் குறையும். தண்டவாளத்தின் மேலும் நடைமேடையின் மஞ்சள் கோட்டுக்கு அப்பாலும் எந்தப் படத்துக்காகவும் போகக் கூடாது.

எடுத்த பிறகு

காணொலி எடுத்து அதிலிருந்து படத்தைப் பிரித்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வதுண்டு. 4கே காணொலியின் ஒரு சட்டம் (ஃபிரேம்) ஏறத்தாழ 8.3 மெகாபிக்சல், சிறிய அச்சுக்கு அது போதும். ஆனால் மங்கிய ஒளியில் காணொலி 1/60 விநாடியைப் போன்ற நீண்ட ஷட்டர் நேரத்துக்கு இறங்கிவிடுவதால், ஓட்டம் அதில் தெளிவாக நிற்பது அரிது. வெயிலில் மட்டும் இவ்வழியை நாடுங்கள்.

தொடர்பிடிப்பில் வந்த படங்களை அன்றிரவே பார்த்துக் கழித்துவிட வேண்டும். முதலில் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். கண் தெளிவில்லாத படத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். மிஞ்சியவற்றில் ஓடுபவருக்கு முன்னால் சற்று வெற்றிடம் இருக்கும் படத்தையும், பந்தோ கம்போ சட்டத்துக்குள் இருக்கும் படத்தையும் தேர்ந்தெடுத்து, மற்றவற்றை அழியுங்கள். புலனத்தில் வழக்கம்போல் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, அரும்பாடுபட்டுப் பிடித்த கூர்மை போய்விடும். பிள்ளையின் பெற்றோர் அச்சிட்டுச் சுவரில் மாட்ட நினைக்கும் படத்தை ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், மூலப் படம் அப்படியே போய்ச் சேரும்.